அரை, ஒன்றரை, கால்: செங்கல்பட்டுத் தண்ணீரும் பின்ன அடுக்குகளும்

கணக்குப் பாடத்தில் மூலக்குறி வந்ததுமே வகுப்பில் ஒரு கேள்வி எழும். "இதை எல்லாம் சுருக்கி எழுதி என்ன ஆகப் போகிறது?" வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் ஒரு கனமூலம். அதைப் பின்ன அடுக்காக மாற்று, கூட்டு, கழி, மறுபடி மூலக்குறியாக எழுது. தேர்வில் இரண்டு மதிப்பெண். அதோடு மறந்துவிடுவார்கள்.

இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டு மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. உள்நாட்டில் ஏரிகள், கிழக்கே கடல். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் தாண்டிப் பாலாற்று முகத்துவாரம் வரை நீளும் கரை. இந்த மாவட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை நம்பியும் தண்ணீருக்குப் பயந்தும் வாழ்ந்தவர்கள். அந்தத் தண்ணீர் நேர் விகிதத்தில் நடப்பதில்லை. இரண்டு மடங்கு ஆழம் என்றால் இரண்டு மடங்கு வேகம், இரண்டு மடங்கு ஆபத்து என்று அது கணக்குப் போடுவதில்லை. மதகில் அது அரை அடுக்கில் நடக்கிறது. கலங்கலில் ஒன்றரை அடுக்கில் நடக்கிறது. கடலில் கரையை நெருங்கும்போது கால் அடுக்கில் உயர்கிறது. இதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது நீண்ட கதை.

குறி பிறந்த கதை

மூலங்களைக் கணக்கிடுவது இந்தியர்களுக்கு மிகப் பழைய வேலை. வேள்வி மேடை அமைக்கும் விதிகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில் இரண்டின் வர்க்கமூலத்துக்கு 1 + 1/3 + 1/12 - 1/408 என்ற மதிப்பு இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 577/408. உண்மையான மதிப்போடு ஐந்து தசம இடங்கள் வரை ஒத்துப் போகும். கி.பி. 499-இல் ஆரியபட்டர் வர்க்கமூலமும் கனமூலமும் எடுக்கும் முறையை எழுதி வைத்தார். முழுதாக மூலம் எடுக்க முடியாத எண்களை நம் பழைய கணித நூல்கள் 'கரணி' என்று அழைத்தன. 628-இல் பிரம்மகுப்தரும், 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரரும் கரணிகளைக் கூட்டவும் பெருக்கவும் விதி சொன்னார்கள்.

ஆனால் இவை தனித்தனி விதிகள். கரணிகளைக் கூட்ட ஒரு விதி, பெருக்க இன்னொரு விதி, கனமூலம் வந்தால் வேறொரு விதி. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டும் எழுத்துமுறை அப்போது எங்கும் இல்லை.

√ என்ற குறி 1525-இல் ஜெர்மனியில் கிறிஸ்டாஃப் ருடால்ஃப் எழுதிய அல்ஜீப்ரா புத்தகத்தில் அச்சேறியது. அடுக்கெண்ணை எழுத்தின் தலைமேல் சிறிதாக எழுதும் பழக்கத்தை 1637-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த் நிலைநிறுத்தினார். ஆனால் அவர் முழு எண்களை மட்டுமே தலைமேல் ஏற்றினார். பாதி என்ற எண்ணை அடுக்காக வைக்கலாம் என்ற யோசனை அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டில், பிரான்சின் நிக்கோல் ஓரெஸ்ம் என்பவருக்குத் தோன்றியிருந்தது. அவர் எழுதிய முறை மற்றவர்கள் கைக்கு வரவில்லை.

குறி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கெப்ளரே சாட்சி. கோள்கள் சூரியனைச் சுற்றும் காலம் தூரத்தின் 3/2 அடுக்கில் போகிறது என்று 1619-இல் அவர் வெளியிட்டார். அதை எழுத அவரிடம் பின்ன அடுக்கு இல்லை. "ஒன்றரை விகிதம்" என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லால்தான் அதைச் சொன்னார்.

1656-இல் இங்கிலாந்தின் ஜான் வாலிஸ், வர்க்கமூலத்தின் அடுக்கெண் அரை, கனமூலத்தின் அடுக்கெண் மூன்றில் ஒன்று என்று துணிந்து சொன்னார். 1676-இல் நியூட்டன் லைப்னிட்ஸுக்காக எழுதிய கடிதத்தில் பின்ன அடுக்குகளைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். அதன் பிறகு அது உலக வழக்காயிற்று.

ஏன் பாதி?

இதில் மந்திரம் எதுவும் கிடையாது. (^ என்ற குறி அடுக்கைக் குறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. 5^2 × 5^3 = 5^5. இப்போது √5 × √5 = 5. வலப்பக்கம் 5-இன் அடுக்கு 1. இடப்பக்கம் ஒரே அடுக்கு இரண்டு முறை கூடி 1 ஆக வேண்டும். அப்படியானால் அது அரைதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. கனமூலத்துக்கு அதே காரணத்தால் மூன்றில் ஒன்று.

இதற்குப் பிறகு மூலக்குறிகளுக்கென்று தனி விதிகள் தேவையில்லை. பின்னங்களைக் கூட்டத் தெரிந்தால் போதும்.

√2-ஐயும் 2-இன் கனமூலத்தையும் பெருக்க வேண்டுமா? 1/2 + 1/3 = 5/6. விடை 2^(5/6), அதாவது 32-இன் ஆறாம் படிமூலம். மூலக்குறியை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் போட முயன்றால் வியர்த்துவிடும்.

√2 + √8 எவ்வளவு? 8 என்பது 2^3. எனவே √8 = 2^(3/2) = 2 × 2^(1/2). ஆக ஒரு √2-உம் இரண்டு √2-உம் சேர்ந்து மூன்று √2. அதாவது √18.

மூலத்துக்குள் மூலம் வந்தால் அடுக்குகளைப் பெருக்க வேண்டும். √√5 என்பது 5^(1/2 × 1/2) = 5^(1/4). அரையில் பாதி கால். இதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொரு பாதிக்கும் தனிப் பெயர் இருந்தது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. நான்கு வர்க்கமூலக் குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் அது மாகாணி அடுக்கு, அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த விதிகளை நேர்ம எண்களுக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். எதிர்ம எண்கள் மூலத்துக்குள் வந்தால் நின்று யோசிக்க வேண்டும். இன்னொன்று, அடுக்கு பெருக்கலுக்குள் நுழையும், கூட்டலுக்குள் நுழையாது. √(9 + 16) என்பது 5 தான், 3 + 4 = 7 அல்ல. தேர்வில் அதிக மதிப்பெண் பறிபோகும் இடம் இதுதான்.

மதகும் கலங்கலும்

இனி ஏரிக்கரைக்குப் போகலாம். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல. ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது கண்ணில் படும் கொளவாய் ஏரி, தெற்கே மதுராந்தகம் ஏரி, இடையில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்ற குழுவைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனி வாரியம் இருந்தது.

ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு ஒன்று. ஏரி நிறைந்தால் உபரி நீர் வழிந்து போகும் கலங்கல் இன்னொன்று.

மதகின் கணக்கை 1640-களில் இத்தாலியின் டாரிசெல்லி சொன்னார். துளைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் ஆழம் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் தண்ணீர் பாயும் வேகம் இருக்கும். ஆழம் நான்கு மடங்கு என்றால் வேகம் இரண்டு மடங்கு. இது அரை அடுக்கு. ஏரி பாதியாகக் குறைந்தாலும் மதகுத் தண்ணீர் பாதியாகக் குறையாது. பத்தில் ஏழு பங்கு வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். கடைமடை விவசாயிக்கு இது நல்ல செய்தி.

கலங்கலின் கணக்கு வேறு. அங்கே ஆழம் இரண்டு முறை வேலை செய்கிறது. கலங்கல் சுவரின் மேல் ஓடும் தண்ணீரின் உயரம் கூடினால் வேகம் கூடும். அது அரை அடுக்கு. தண்ணீர் ஓடும் வாசலே உயரமாகும். அது முழு அடுக்கு. இரண்டையும் பெருக்க வேண்டும்: உயரம் × √உயரம். அடுக்குகளைக் கூட்டினால் 1 + 1/2 = 3/2. ஒன்றரை அடுக்கு. இதே முடிவுக்கு 1717-இல் இத்தாலியின் போலேனி வந்தார். இன்றைக்கும் பொறியாளர்கள் கலங்கல் கட்ட இதே ஒன்றரை அடுக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். கலங்கலின் வடிவத்துக்கு ஏற்ற ஒரு குணகத்தை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

இதன் பொருள் பயங்கரமானது. கலங்கலின் மேல் ஒரு சாண் ஓடிய தண்ணீர் நான்கு சாண் ஆனால், வழியும் தண்ணீர் நான்கு மடங்கு ஆகாது. 4^(3/2), அதாவது எட்டு மடங்கு ஆகும். ஒன்பது சாண் ஆனால் இருபத்தேழு மடங்கு. "நேற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓடுகிறது" என்று கரையில் நின்று பார்ப்பவருக்குத் தோன்றுவது கீழே உள்ள ஊருக்கு வெள்ளமாகப் போய்ச் சேரும்.

மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், கரை உடைந்துவிடும் என்று அஞ்சிய மழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காப்பதைக் கண்டார் என்பது தலபுராணம் போல வழங்கும் கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அடைமழை இரவில் ஏரிக்கரையில் நின்றவர்களுக்கு இருந்த பயம் உண்மையானது. அந்தப் பயத்தின் அளவு ஒன்றரை அடுக்கு.

மாவு மில்காரரின் கால் அடுக்கு

ஏரியிலிருந்து கடலுக்கு வருவோம். நீளமான அலை, ஆழம் குறைந்த நீரில் எவ்வளவு வேகமாகப் போகும்? ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாக்ராஞ்ச் காட்டினார். இதுவும் அரை அடுக்குதான். ஈர்ப்பு முடுக்கத்தைச் சுமார் 10 என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் வேகம் √100 = 10 மீட்டர் ஒரு நொடிக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர். 4,000 மீட்டர் ஆழத்தில் √40,000 = 200 மீட்டர் ஒரு நொடிக்கு. மணிக்கு 720 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஜெட் விமானத்தின் வேகம்.

சுனாமியைப் பொறுத்தவரை நாலாயிரம் மீட்டர் கடலும் ஆழம் குறைந்த கடல்தான். ஏனென்றால் ஒரு சுனாமி அலையின் நீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டும். அதன் முன்னால் நான்கு கிலோமீட்டர் ஆழம் ஒரு குட்டை.

அடுத்த கேள்வி முக்கியமானது. கரையை நெருங்கும்போது அலையின் உயரம் என்ன ஆகும்? இதற்கு விடை சொன்னவர் ஜார்ஜ் கிரீன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே காற்றாலையில் மாவு அரைத்தவர். ரொட்டிக்கடைக்காரரின் மகன். சிறுவயதில் சுமார் ஓர் ஆண்டு மட்டுமே பள்ளிக்குப் போனார். மற்றபடி தானாகப் படித்தார். நாற்பது வயதில்தான் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1837-இல், அகலமும் ஆழமும் மாறும் கால்வாயில் அலைகள் எப்படி நகரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1841-இல் இறந்தபோது உலகத்துக்கு அவரைத் தெரியாது.

அவர் கண்ட விதியின் சாரத்தைப் பள்ளிக் கணக்கிலேயே போடலாம். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த ஆற்றல் அலையின் வேகத்தில் நகர்கிறது. வழியில் பெரிதாக வீணாகவில்லை என்றால், உயரத்தின் வர்க்கத்தை வேகத்தால் பெருக்கிய தொகை மாறாமல் இருக்க வேண்டும். வேகமோ ஆழத்தின் அரை அடுக்கு.

உயரம்^2 × ஆழம்^(1/2) = மாறிலி

இரண்டு பக்கமும் வர்க்கமூலம் எடுங்கள். எல்லா அடுக்குகளும் பாதியாகும். அரையில் பாதி கால்.

உயரம் × ஆழம்^(1/4) = மாறிலி

அதாவது ஆழம் குறையக் குறைய, அதன் கால் அடுக்குக்கு எதிராக உயரம் கூடும். மூலத்துக்குள் மூலத்தைச் சுருக்கும் அதே இரண்டு மதிப்பெண் கணக்கு. கால்வாயின் அகலத்துக்கு அவர் கண்டது அரை அடுக்கு. கடல் நுழையும் வழி நான்கில் ஒரு பங்காகக் குறுகினால் அலை இரட்டிப்பாகும்.

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்திய நேரப்படி காலை சுமார் 6.29 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடிப் பிளவு வடக்கே அந்தமான் பக்கம் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. வங்காள விரிகுடாவைக் கடக்க அலைக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் அது சென்னைக் கரையைத் தொட்டது.

நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலின் மேல் சென்றது. நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் என்று அது பதிவு செய்தது. முழங்காலுக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்த படகுக்காரருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இப்போது கிரீனின் கணக்கைப் போடுங்கள். வசதிக்காக நடுக்கடல் ஆழம் 4,096 மீட்டர் என்று கொள்வோம். இது 2^12. கரையருகே 16 மீட்டர் ஆழம், 2^4. இரண்டின் விகிதம் 2^8. அதன் கால் அடுக்கு 2^2 = 4. அறுபது சென்டிமீட்டர் 2.4 மீட்டராகிறது. ஆழம் 1 மீட்டராகக் குறைந்தால் 2^12-இன் கால் அடுக்கு 2^3 = 8. அலை 4.8 மீட்டர். தமிழகக் கரையில் பின்னர் ஆய்வாளர்கள் அளந்த உயரங்கள் சுமார் 2.5 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை இருந்தன. அலை உடைந்த பிறகு கிரீனின் விதி செல்லாது. கடலடியின் மேடு பள்ளம், கரையின் சரிவு, மணல்மேடு எல்லாம் இடத்துக்கு இடம் உயரத்தை மாற்றும். ஆனாலும் ஒரு மாவு மில்காரரின் கால் அடுக்கு இவ்வளவு நெருங்கி வருகிறது.

மாமல்லபுரத்தில் அலைக்கு முன் கடல் பின்வாங்கியபோது வழக்கமாக நீருக்குள் இருக்கும் பாறைகள் வெளியே தெரிந்ததைப் பலர் பார்த்தார்கள். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அங்கிருந்த ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியிருந்த மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. தமிழ்நாடு முழுவதும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

இரண்டரை மணி நேரம் என்பது சின்ன நேரம் இல்லை. குப்பத்திலிருந்து மேட்டுக்கு நடந்து போகப் பத்து இருபது நிமிடம் போதும். வேகத்தைச் சொல்லும் அரை அடுக்கும் உயரத்தைச் சொல்லும் கால் அடுக்கும் புத்தகத்தில் நூற்றாண்டுகளாக இருந்தன. 1881 டிசம்பர் 31-இல் நிக்கோபார் அருகே நடந்த நிலநடுக்கத்தின் சுனாமி இந்தியக் கரைகளின் அலைமானிகளில் பதிவாகியும் இருந்தது. இல்லாமல் போனது அந்தக் கணக்கைப் போட்டுக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடு. 2004-இல் இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு கிடையாது.

அதற்குப் பிறகு

சுனாமி ஒன்றைக் கொடுத்துவிட்டும் போனது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்ததில் கல்வெட்டுள்ள பாறைகள் வெளிப்பட்டன. அதைத் தொடர்ந்து 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு பழைய முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. கல் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம் இருந்தது. அந்தக் கோயிலும் முன்னொரு காலத்தில் கடல் அலையால் அழிந்திருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இந்தக் கரைக்கு 2004 முதல் முறை அல்ல.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலடி நிலநடுக்கம் நடந்தால் அலை எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு உயரம் வரும் என்பதற்கான கணிப்புகள் அங்கே முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டுள்ளன. ஜப்பான் வானிலை நிறுவனம் கரையோர உயரத்தைக் கணிக்க இன்றும் கிரீனின் கால் அடுக்கைப் பயன்படுத்துகிறது.

செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டமானது. ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் ஏரிகள் நிறைகின்றன, கலங்கல்கள் வழிகின்றன. கரையில் நின்று பார்ப்பவர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வழியும் தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கானால் ஊருக்குள் வருவது இரண்டு மடங்கு அல்ல, 2^(3/2). அதாவது இரண்டு √2. ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்குக்கும் மேல். சாமான்களைப் பரண்மேல் ஏற்றுவதா, ஊரைவிட்டுக் கிளம்புவதா என்று முடிவு செய்ய அந்த முக்கால் மடங்கு போதும்.